படிக்கட்டில் படுக்க வைத்த பிள்ளை

பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது எமிலி பிராண்டே எழுதிய 'வுதரிங் ஹைட்ஸ்' எங்களுக்குப் பாடம். நாவலை நான் தொட்டதுகூடக் கிடையாது. கிருஷ்ணகிரியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் பாதி விலைக்கு வாங்கிய கைடுதான் கைகொடுத்தது. அதில் கதாநாயகன் ஹீத்கிளிஃப்புக்கு ஒரு பக்கம். 'பழிவாங்கும் காதலன்' என்று தலைப்பு, கீழே ஐந்து பாயிண்டுகள். மனப்பாடம் செய்து, அப்படியே எழுதி, பாஸ் ஆகிவிட்டேன். 'அனாதையாக வந்தவன்' என்பது முதல் பாயிண்டு. அதற்கு அரை வரி.

முப்பது வருடத்துக்குப் பிறகு, மகள் விடுதியிலிருந்து கொண்டுவந்து போட்ட புத்தகங்களுக்கு நடுவில் அதே நாவல் கிடைத்தது. இப்போது எனக்குத் தினமும் காவேரிப்பட்டணத்திலிருந்து தர்மபுரிக்குப் பேருந்துப் பயணம். உட்கார இடம் கிடைத்தால் பத்துப் பக்கம் ஓடும், கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. முதல் மூன்று அத்தியாயங்களில் பனி, நாய்கள், பேய்க்கனவு. சரி, மெதுவாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான்காம் அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் ஒரு வாரம் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் ஒரு பண்ணை வீடு. வீட்டுக்காரர் எர்ன்ஷா லிவர்பூலுக்குக் கிளம்புகிறார், நடந்தே. போக அறுபது மைல், வர அறுபது மைல். எங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்குக் கிட்டத்தட்ட அதே தூரம்தான். மகன் ஹிண்ட்லி வயலின் கேட்கிறான், மகள் கேத்தரின் குதிரைச் சாட்டை கேட்கிறாள். மூன்று நாள் கழித்து இரவில் திரும்பி வந்த மனுஷன் மேல்கோட்டைப் பிரித்துக் காட்டுகிறார். உள்ளே அழுக்கும் கந்தலுமாக, கருமுடியோடு ஒரு பையன். வயலின் நொறுங்கிக் கிடக்கிறது, சாட்டை தொலைந்துவிட்டது. பதினான்கு வயதுப் பையன் ஹிண்ட்லி வயலினுக்காக ஓவென்று அழுகிறான். சின்னவள் கேத்தரின் அந்தப் பையன்மேல் துப்புகிறாள். வீட்டம்மாவோ அவனைத் தூக்கி வெளியே எறிந்துவிடத் தயாராக நிற்கிறாள்.

அவன் ஏதோ பேசுகிறான், ஒருவருக்கும் புரியவில்லை. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தை வாயைத் திறந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று ஏதாவது ஒன்றில் எவராவது பதில் சொல்லிவிடுவார்கள். சந்தையில் ஆடு விற்கிறவருக்கே மூன்று பாஷை வரும். அந்தப் பையன் தப்பான ஊருக்கு வந்துவிட்டான்.

அவன் என்ன பாஷை பேசினான் என்று எமிலி பிராண்டே கடைசிவரை சொல்லவில்லை. பின்னால் பக்கத்து எஸ்டேட்காரர் லின்டன் அவனைப் பார்த்து, 'குட்டி லஸ்கரோ என்னவோ' என்கிற மாதிரி ஒன்று சொல்வார். கப்பலில் வேலை பார்த்த நம் நாட்டு மாலுமிகளை அப்போது அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேலைக்காரி நெல்லி ஒருநாள் அவனைத் தேற்றுவதற்காக, 'யார் கண்டது, உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாக இருக்கலாம், அம்மா இந்திய ராணியாக இருக்கலாம்' என்பாள். லிவர்பூல் அந்தக் காலத்தில் அடிமை வணிகக் கப்பல்கள் கிளம்பிய துறைமுகம். இதையெல்லாம் வைத்து அவன் நம்ம ஊர்ப் பிள்ளைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பேருந்து காரிமங்கலம் தாண்டும் வரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று ராத்திரி அவனை எங்கே படுக்க வைப்பது என்று சண்டை. பிள்ளைகள் தங்கள் அறையில் சேர்க்க மறுக்கிறார்கள். படுக்க வைக்கும் பொறுப்பு நெல்லிக்கு. அவளும் சின்னப் பெண்தான், ஹிண்ட்லியோடு ஒன்றாக வளர்ந்தவள். அவள் அவனை மாடிப்படித் திருப்பத்தில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள். காலையில் எழும்போது அவன் போய்விட்டிருப்பான் என்று ஒரு நம்பிக்கை.

முக்கியமான விஷயம், இந்தக் கதை முழுவதையும் நமக்குச் சொல்வதே அந்த நெல்லிதான். அவனைப் படிக்கட்டில் விட்டவளே அவன் கதையையும் சொல்கிறாள். கைடில் இது இல்லவே இல்லை.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பையன் வந்தான், 1986இல். மாங்காய் சீசன் முடிகிற நேரம். எனக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்குப் பதினொன்று, அவனுக்கு ஏழு இருக்கும். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சந்தூருக்குப் பக்கத்தில் அப்பா சின்னதாக ஒரு மாங்கன்று நர்சரி வைத்திருந்தார். சீசனில் மாங்காய் லோடும் ஏற்றி அனுப்புவார். அந்த லாரிகளில் லோடுமேனாகப் போய்க்கொண்டிருந்தவர் பென்னாகரம் பக்கத்துக்காரர், அப்பாவுக்கு ரொம்ப வேண்டியவர். தொப்பூர் கணவாயில் ஒரு ராத்திரி லாரி கவிழ்ந்தது. பையனுக்குத் தாய் ஏற்கெனவே இல்லை. காரியம் முடிந்த மறுநாள் அப்பா அவனைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு டவுசர், அவன் அப்பாவின் பீடி டப்பா.

ஆயா, அதாவது எங்கள் பாட்டி, கேட்ட முதல் கேள்வி, "யாரூட்டுப் புள்ள?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரையோ அப்பன் பேரையோ கேட்பது அல்ல அது. அப்பா நேராகப் பதில் சொல்லவில்லை. "சோத்துக்கு இல்லாத புள்ள" என்றார். ஆயாவுக்கு அதிலேயே புரிந்துவிட்டது. அவனுக்கென்று ஒரு அலுமினியத் தட்டு தனியாக ஒதுங்கியது. என்னைக் கூப்பிட்டு, "திண்ணையில பாய போட்டுக் குடு" என்றார்கள்.

போட்டுக் கொடுத்தேன். ராகி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் அவன் சுருண்டு படுத்தான். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். காலையில் ஐந்தரைக்கு ஒரு பேருந்து உண்டு, அதில் ஏறி வந்த வழியே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. கொடுமைக்காரியாக எல்லாம் நினைக்கவில்லை. வீட்டில் ஒரு குழப்பம் வந்திருக்கிறது, அது போனால் தேவலை என்ற அளவுதான்.

விடிந்து கதவைத் திறந்தால் திண்ணையில் ஆள் இல்லை. நர்சரிப் பக்கம் அப்பாவோடு உட்கார்ந்து பாலித்தீன் பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தான்.

நெல்லி செய்தது எர்ன்ஷாவுக்குத் தெரிந்துபோய், அவளைச் சில நாள் வீட்டைவிட்டே அனுப்பிவிடுகிறார். திரும்பி வந்து பார்த்தால் பையனுக்குப் பெயர் வைத்தாயிற்று, ஹீத்கிளிஃப். அந்த வீட்டில் சின்ன வயதிலேயே செத்துப்போன ஒரு மகனின் பெயர். முன்பெயரும் அதுதான், குடும்பப்பெயரும் அதுதான். பெயர் கொடுத்த எர்ன்ஷா, எர்ன்ஷா என்ற குடும்பப்பெயரைக் கொடுக்கவில்லை. இதை ஆங்கிலேயர்கள் எப்படிப் படிப்பார்களோ தெரியாது. நம்மூர்க்காரர்களுக்கு இது உடனே பிடிபடும். இது இனிஷியல் சமாச்சாரம்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் அதற்குத்தான் பெரிய சண்டை நடந்தது. பள்ளியில் சேர்க்கப் போன அப்பா, தலைமையாசிரியர் கேட்டபோது தன் இனிஷியலையே கொடுத்துவிட்டு வந்துவிட்டார். யோசித்துச் செய்தாரா, சட்டென்று வாயில் வந்ததா என்று இன்றுவரை தெரியாது. ஆயா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "சோறு போடு, துணி குடு, வேண்டாம்னு யார் சொன்னா? இனிஷியல் எதுக்கு?" என்றார். அம்மா வாயைத் திறக்கவில்லை, ஆனால் ஆயாவின் பக்கம்தான் என்பது பாத்திரம் வைக்கும் சத்தத்தில் தெரிந்தது. சோறு ஒருநாள் கணக்கு. இனிஷியலோ நிலத்துக் கணக்கு. ஒன்றேகால் ஏக்கர் நர்சரிக்குத்தான் இத்தனையும்.

இடையில் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் நெல்லி அவனை முதலில் 'இட்' என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறாள். நடக்கவும் பேசவும் தெரிந்த, கேத்தரினைவிட முகத்தில் வயது தெரிகிற பையன் அவன். அவனைப் போய் 'இட்'. தமிழில் படித்தால் இது உறைக்கவே உறைக்காது. நமக்குக் குழந்தை அழுதது, குழந்தை தூங்கியது, அவ்வளவுதான். 'அது பாவம், அதுக்கு என்ன தெரியும்' என்று சொன்னால் செல்லம். ஆனால் தமிழிலும் இன்னொரு 'அது' இருக்கிறது. "அது சாப்டுச்சா?" என்று ஆயா என்னைக் கேட்பாரே, அந்த 'அது'. தம்பியைப் பற்றியும் ஆயா அதே வார்த்தையில்தான் கேட்பார். இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தை எழுத்தில் காட்ட என்னால் முடியவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஹீத்கிளிஃப் அழாத பிள்ளை. ஹிண்ட்லி அடித்தால் கண்ணைச் சிமிட்டாமல் வாங்கிக்கொள்வான். நெல்லி கிள்ளினால் மூச்சை உள்ளே இழுப்பான், கண்ணை அகலத் திறப்பான், யாரும் எதுவும் செய்யாமல் தானே இடித்துக்கொண்ட மாதிரி. கிள்ளியதை நெல்லியே சொல்கிறாள், போகிற போக்கில். பிறகு வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தட்டம்மை வருகிறது. அவனுக்கு ரொம்ப முற்றிவிடுகிறது. நெல்லிதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாள். கேத்தரினும் ஹிண்ட்லியும் படுத்தி எடுக்கிறார்கள், அவன் ஆட்டுக்குட்டி மாதிரி கிடக்கிறான். பிழைத்தபோது, உன் கவனிப்பால்தான் பிழைத்தான் என்று மருத்துவர் நெல்லியைப் பாராட்டுகிறார். அந்தப் பாராட்டில் எனக்குத் தலைகனம் வந்தது, அதற்குக் காரணமானவன்மேல் மனசு இளகியது என்று அவளே ஒப்புக்கொள்கிறாள்.

அனாதைக் குழந்தைகளைப் பற்றி எழுதிய எத்தனையோ பேர் நம்மை அழவைத்திருக்கிறார்கள். இரக்கம் எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கப்படுகிறது என்று இப்படிப் பில் போட்டுக் காட்டியவர் எமிலி ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரும் மூன்று வயதில் தாயை இழந்தவர். ஆறு வயதில் இரண்டு அக்காக்களையும். எழுதியது இந்த ஒரே நாவல். அது 1847 கடைசியில் ஆண் பெயரில் வெளிவந்தது. அடுத்த டிசம்பரில் முப்பது வயதில் இறந்துபோனார். தாயில்லாத பிள்ளையைப் பார்த்து ஊர் எப்படி முகத்தை வைத்துக்கொள்ளும் என்பதை வேறொருவர் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது.

எனக்கும் அந்தப் பாராட்டு கிடைத்தது. அவனுக்குத் தலை வாரிவிடுவேன், சட்டைக்குப் பித்தான் தைப்பேன், வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பேன். பக்கத்து வீட்டு அத்தைகள், "எம்மாம் நல்ல மனசு பாரு இந்தப் பொண்ணுக்கு" என்பார்கள். தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் அவர்கள் கண்ணில் படுகிற மாதிரிதான் தலை வாரிவிடுவேன் என்பதை இப்போதுதான் எழுதுகிறேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி வேறு. அதிலும் ஊட்டுகிறவளுக்குத்தான் லாபம்.

இனி அந்தக் கை.

1988, ஜூலை. கூழ் ஆலைகளிலிருந்து மாங்கொட்டை டிராக்டரில் வந்து கொட்டியிருந்தது. அந்தக் கொட்டையை முளைக்கப் போட்டுத்தான் வேர்க்கன்று எடுப்போம், அதில்தான் ஒட்டுக் கட்டுவது. ஒரு வாரத்துக்கு வீடெல்லாம் புளித்த மாம்பழ வாடையும் ஈயும். பெரியவர்கள் எல்லோரும் கொட்டை பரப்புவதில் இருந்தார்கள். தம்பியும் அவனும் மோட்டார் ரூம் கூரைமேல். நான் கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவன் புது நோட்டுக்கு லேபிள் ஒட்டி, பெயர் எழுதி, தம்பியிடம் காட்டியிருக்கிறான். பெயருக்கு முன்னால் அப்பாவின் 'கே'.

"எங்கப்பா இனிஷியல நீ எதுக்குடா போடற?"

நான் நிமிர்ந்து பார்த்தபோது தம்பியின் கை அவன் நெஞ்சில் இருந்தது. அடுத்து அவன் கீழே கிடந்தான். இடது மணிக்கட்டு, பார்க்கவே சகிக்காத கோணத்தில்.

அப்பா ஓடி வந்தார். "என்னாச்சு?" என்று என்னைத்தான் கேட்டார், மூத்தவள் நான்தானே. தம்பி மேலே நின்றுகொண்டிருந்தான், முகம் வெளுத்து. யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. "புளியமரத்துல ஏறி விழுந்துட்டான்ப்பா" என்றேன். மோட்டார் ரூமை ஒட்டி ஒரு புளியமரம் இருந்தது.

அப்பா அவனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான், ஆமாம் என்று.

கட்டுப் போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, துணி. எலும்பு கூடியது, ஆனால் கொஞ்சம் கோணலாகவே கூடிவிட்டது. ஆயா ஊரெல்லாம் சொன்னார், மரம் ஏறுகிற புத்தி அதன் ரத்தத்திலேயே இருக்கிறது என்று.

நாவலில் அதே நான்காம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு குதிரைக்குட்டிச் சண்டை வரும். ஹீத்கிளிஃப்பின் குட்டிக்குக் கால் நொண்டியாகிவிடுகிறது. உன்னுடையதைக் கொடு, இல்லாவிட்டால் இந்த வாரம் நீ அடித்த மூன்று அடியையும் உன் அப்பாவிடம் சொல்வேன் என்று ஹிண்ட்லியை மிரட்டுகிறான். தோள்வரை கன்றிய கையைக் காட்டுகிறான். ஹிண்ட்லி எடைக்கல்லை எடுத்து அவன் நெஞ்சில் எறிகிறான். நெல்லி பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கடைசியில் அந்தக் காயங்களுக்கெல்லாம் குதிரைதான் காரணம் என்று சொல்லிவிடலாமா என்று அவனைச் சம்மதிக்க வைக்கிறாள். அது சுலபமாக இருந்தது என்கிறாள். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, என்ன கதை சொன்னால் என்ன என்று இருந்தானாம்.

அந்த வரியில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. தர்மபுரி பேருந்து நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து, "அம்மா, பஸ்ஸு சேலம் போகாது" என்றார்.

அவன் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போனபோது இனிஷியல் மாறியிருந்தது. யார் போய் மாற்றினார்கள் என்று யாரும் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. அவருடைய நல்ல மனசுக்கும் ஓர் எல்லை இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எர்ன்ஷாவும் அப்படித்தான், தூக்கி வந்தார், செல்லம் கொடுத்தார், தான் போன பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன என்று ஏற்பாடு எதுவும் செய்யாமல் அடுப்பங்கரை நாற்காலியில் செத்துப்போனார். அதற்குப் பிறகு ஹிண்ட்லி அவனைப் படிப்பிலிருந்து நிறுத்தி, பண்ணை வேலையில் தள்ளி, ஆளாக்கினான். எப்படிப்பட்ட ஆளாக என்பதுதான் மீதி நாவல். மனைவியின் நாயைத் தூக்கில் மாட்டுகிற ஆளாக. ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனும் தாய் தகப்பன் இல்லாதவனாகி அவன் கைக்கு வரும்போது, அதே காற்று அடித்தால் இந்த மரமும் அதே மாதிரி கோணலாக வளராதா பார்ப்போம் என்கிற ஆளாக. வீட்டு வாசலுக்கு மேலே 'ஹேர்ட்டன் எர்ன்ஷா' என்று 1500ஆம் வருடத்தோடு செதுக்கியிருக்கிறது. தினமும் அதன் கீழே போய்வருகிற பையனுக்குத் தன் பெயரையே படிக்கத் தெரியாது.

இந்தப் பிற்பாதியில் என் இரக்கம் தடுமாறியது, உண்மையைச் சொல்வதில் என்ன. குழந்தையாக இருந்தபோது தூக்கிக்கொள்ளத் தோன்றியவனை, பெரியவனானதும் தெருவில் எதிரில் பார்த்தால் ஒதுங்கிப் போவேன். அவன் செய்ததற்கெல்லாம் சின்ன வயது அடியைக் காரணம் காட்டுகிற வக்கீல்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் கடைசியில் ஒன்று நடக்கிறது. ஹீத்கிளிஃப் செத்துக் கிடக்கும்போது ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறவன் ஹேர்ட்டன். யாருக்கு அதிகமாகக் கெடுதல் நடந்ததோ அவன்தான் அழுகிறான்.

எங்கள் வீட்டில் கதை வேறு மாதிரி போனது. அவன் பத்தாவதோடு நின்று, ஓசூரில் ஒரு பட்டறைக்குப் போனான். இப்போது சொந்தமாக ஒரு டிப்பர் லாரி ஓட்டுகிறான், மனைவி, இரண்டு பெண்கள். யாரையும் பழிவாங்கவில்லை. தம்பியும் அவனும் எப்போதோ சேர்ந்துவிட்டார்கள். நர்சரிக்கு மண் வேண்டுமென்றால் தம்பி முதலில் அவனுக்குத்தான் போன் போடுவான். 2011இல் அப்பா இறந்தபோது கொள்ளி வைத்தது தம்பி. அவன் மோட்டார் ரூம் பக்கம் நின்றுகொண்டிருந்துவிட்டு, சத்தமில்லாமல் ஓசூர் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது தலை மொட்டையாக இருந்தது. தம்பி தலையிலும் முடி அதே அளவுக்குத்தான் முளைத்திருந்தது. ஆயா அப்போது உயிரோடு இல்லை. அம்மா அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய், வாழை இலையைக் கொண்டுவந்து தம்பிக்குப் பக்கத்தில் போட்டார்.

போன வாரம் அவனுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். பெரியவள் என்ன படிக்கிறாள், வண்டிக்கு டியூ முடிந்ததா, இந்த வருடம் மழை எப்படி.

"கை எப்படிடா இருக்கு?" என்றேன்.

"எந்தக் கைக்கா?"

"இடது கை. மணிக்கட்டு."

"அதுவா? பனிக் காலத்துல கொஞ்சம் குடையும். கியரு இந்தக் கையிலதானே போடணும்." சிரித்தான்.

"அன்னிக்கு நான் அப்பாகிட்ட..." என்று தொடங்கினேன்.

"மரத்துலேர்ந்துதானேக்கா விழுந்தேன்" என்றான்.

நான் பேசவில்லை. அந்தப் பக்கம் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, இமாம்பசந்துல ரெண்டு கன்னு வேணும். வீட்டு முன்னாடி வெக்கணும்னு சின்னவ கேட்டுக்கிட்டே இருக்கா. நல்ல ஒட்டா பாத்து எடுத்து வெய்யுங்க, ஞாயித்துக்கிழம வரேன்."

தம்பியிடம் சொன்னேன். காசு வாங்காதே என்றும் சொன்னேன். "அவன்கிட்ட நான் எப்பக்கா காசு வாங்கியிருக்கேன்?" என்றான். மூன்று கன்று எடுத்துத் தனியாக வைத்திருக்கிறான்.